கல்யாண வீடியோவில் பின்னால் நின்றவர்கள்

1980களின் கடைசியிலும் 90களிலும் நம் வீட்டுத் திருமணங்களுக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் புகைப்படக்காரர். அவர் சொன்னால்தான் மாலை மாற்றுவார்கள், அவர் சொன்னால்தான் சிரிப்பார்கள். இன்னொருவர் தோளில் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளைக் கண்ணைக் கூசும் விளக்கோடு நிற்க வைத்துப் படம் எடுப்பவர்.

புகைப்படக்காரர் எடுத்த ஆல்பத்தில் இருப்பவர்கள் எல்லாரும் மேடைக்கு வந்தவர்கள். வரிசையில் நின்று, பரிசுப் பெட்டியைக் கொடுத்து, கேமராவைப் பார்த்தவர்கள். மேடைக்கு வராதவர்கள் எத்தனையோ பேர். சமையலைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா, வாசலில் செருப்புக்குக் காவல் நின்ற பையன், கடையை விட்டு நகர முடியாத தாத்தா. அவர்கள் ஆல்பத்தில் இருக்க மாட்டார்கள். வீடியோவில் இருப்பார்கள். விளக்கு மணமக்கள் மேல் விழும்போது, பின்னால், ஓரமாக, இரண்டு விநாடி.

அந்த இரண்டு விநாடியிலிருந்து ஒரு நல்ல புகைப்படத்தை எடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. காசு செலவில்லை. கணினியில் சில வரிகள் தட்டத் தெரிந்தால் போதும்.

சூலியா தெருவும் ஒரு கேசட்டும்

எங்கள் தாத்தாவின் கடை பினாங்கு சூலியா தெருவில் இருந்தது. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கிய பிறகு ஜார்ஜ் டவுனில் முதலில் போடப்பட்ட தெருக்களில் அதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்பார்கள். தெருவுக்கு அவர்கள் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் அந்தத் தெருவில், கிங் தெரு முனையில் நிற்கிறது.

தாத்தா விற்றது நாளிதழ், வார இதழ், வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி. கீழே கடை, மேலே வீடு. 1996இல் சித்தப்பாவின் திருமணம் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலில் நடந்தது. அங்கிருந்து பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தபோது, கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நிற்க வைத்து ஆரத்தி எடுத்தார்கள். அதை வீடியோக்காரர் முழுவதும் பிடித்திருக்கிறார்.

அடுத்த நான்கு ஆண்டுக்குள் கடை போய்விட்டது. பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிவுக்கு வந்தது. ஜார்ஜ் டவுனில் அதை நம்பி இருந்த எத்தனையோ சிறு கடைகளைப் போல எங்கள் தாத்தாவும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம் ஆயிற்று. இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் பயணிகள் தங்கும் விடுதி. கட்டடம் அப்படியே அழகாக இருக்கிறது. எங்கள் பெயர்ப் பலகை மட்டும் இல்லை.

தாத்தா காலமான பிறகு வீட்டில் மாட்டிய படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. முறைத்துக்கொண்டிருப்பார். அத்தைக்கு அது எப்போதும் குறை. "அப்பா சிரிச்ச மாதிரி ஒரு படம்கூட நம்மகிட்ட இல்லையேய்யா. கல்யாண வீடியோல ஆரத்தி எடுக்கும்போது சிரிச்சாரு, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

கேசட்டை ஏற்கெனவே கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தோம். 2 மணி 40 நிமிடம். சித்தப்பா மகன், என் தம்பி, மூன்று நாள் இரவு உட்கார்ந்து பார்த்தான். ஓட விடுவான், நிறுத்துவான், திரையைப் படம் பிடிப்பான். கிடைத்ததெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரிந்த முகங்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த வழியில் யார் தேடினாலும் அப்படித்தான்.

நிறுத்திப் பிடித்தால் ஏன் சரிவராது?

மலேசியாவில் அந்தக் காலத்து வீடியோ 'பால்' முறையில் பதிவானது. விநாடிக்கு 25 படம். 2 மணி 40 நிமிடம் என்றால் 9,600 விநாடி. அப்படியானால் அந்த ஒரு கேசட்டுக்குள் 240,000 புகைப்படங்கள் இருக்கின்றன. நிறுத்து பொத்தானை அழுத்தும் விரல் அந்த 25இல் எதன்மேல் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நாம் பார்த்த சிரிப்பு ஒரு விநாடியில் ஐந்தாவது படத்தில் இருக்கும், கை நிற்பது பன்னிரண்டாவதில்.

இன்னொன்று, திரையைப் படம் பிடிக்கும்போது நமக்குக் கிடைப்பது வீடியோவின் படம் அல்ல. அது நம் திரை அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கப்பட்ட நகல். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கும். அத்தையின் கைக்குப் போய்ச் சேர்வது நகலின் நகல்.

கணினியிடம் நேராகக் கேட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கோப்புக்குள் இருக்கும் படத்தை, இருக்கும் அளவில், கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கும். அதற்கான கருவியின் பெயர் எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸ் நாட்டு நிரலர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய இலவச மென்பொருள். பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். நம்மில் பலர் படம் பார்க்கும் விஎல்சி பிளேயருக்கு உள்ளே வேலை செய்வதும் இதன் பாகங்கள்தான்.

இதற்குப் பொத்தானும் படமும் கொண்ட முகப்பு கிடையாது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட், ஆப்பிள் கணினியில் டெர்மினல் என்று ஒரு வெறுந்திரை இருக்கிறதே, அதில் ஒரு வரி எழுதி என்டர் தட்ட வேண்டும். விண்டோஸில் விங்கெட், ஆப்பிளில் ஹோம்பிரூ, லினக்ஸில் ஆப்ட் வழியாக நிறுவிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில்கூட டெர்மக்ஸ் செயலிக்குள் ஓடும்.

கீழே வரும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்புப்படி தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சிறு கோடு, காற்புள்ளி, சமக்குறி, இடைவெளி எல்லாம் எழுதியிருக்கும் இடத்திலேயே வர வேண்டும்.

ஒரு படத்துக்கு ஒரு வரி

நேரம் தெரிந்தால் ஒரே வரி போதும்:

எஃப்எஃப்எம்பெக் -எஸ்எஸ் 00:42:16 -ஐ கல்யாணம்.எம்பி4 -ஃபிரேம்ஸ்:வி 1 தாத்தா.பிஎன்ஜி

'எஸ்எஸ்' என்பது எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்பது. 'ஐ' என்பதற்குப் பின்னால் வீடியோ கோப்பின் பெயர். 'ஃபிரேம்ஸ்:வி 1' என்றால் ஒரே ஒரு படம் போதும். கடைசியில் இருப்பது புதிய படத்துக்கு நாம் வைக்கும் பெயர். பிஎன்ஜி என்று முடித்தால் தரம் குறையாமல் சேமிக்கும். ஜேபிஜி வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் '-க்யூ:வி 2' என்று சேருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், 2 நல்ல தரம்.

இந்த வரியில் ஒரு சூட்சுமம் உண்டு. 'எஸ்எஸ்' பகுதி 'ஐ' பகுதிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டாலும் அதே படம் கிடைக்கும். ஆனால் கணினி முதல் விநாடியிலிருந்து ஒவ்வொரு படமாக விரித்துப் பார்த்து, 63,000க்கும் மேற்பட்ட படங்களைத் தூக்கிப் போட்ட பிறகுதான் 42ஆவது நிமிடத்துக்கு வந்து சேரும். முன்னால் போட்டால் நேரே அந்த இடத்துக்குப் பக்கத்தில் குதித்துவிடும். வேலை கண் சிமிட்டும் நேரத்தில் முடியும்.

எப்படிக் குதிக்கிறது? இதைத் தாத்தாவின் கடைக் கணக்கை வைத்தே சொல்லலாம். மாதம் ஒருமுறை அவர் கடையில் இருக்கும் சரக்கு முழுவதையும் எண்ணி எழுதுவார். நடுவில் வரும் நாள்களில் வந்தது என்ன, போனது என்ன என்று மட்டும் எழுதுவார். 17ஆம் தேதி இருப்பு தெரிய வேண்டுமென்றால் மாதத் தொடக்கத்து முழுக் கணக்கை எடுத்து, 17 நாள் வரவு செலவைக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

வீடியோ கோப்பும் அப்படித்தான் எழுதப்படுகிறது. எல்லாப் படத்தையும் முழுதாக வைத்தால் கோப்பு மலை போல ஆகிவிடும். அதனால் இடையிடையே ஒரு முழுப் படம். அதை முதன்மைச் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். மற்றவற்றில் மாற்றம் மட்டும். டிவிடியில் சுமார் அரை விநாடிக்கு ஒரு முழுப் படம் இருக்கும். எம்பி4 கோப்புகளில் இடைவெளி 10 விநாடி வரைகூட இருக்கலாம். 'எஸ்எஸ்' முன்னால் இருந்தால் கருவி, கேட்ட நேரத்துக்குச் சற்று முந்தைய முழுப் படத்துக்குத் தாவி, அங்கிருந்து கொஞ்ச தூரம் மட்டும் கணக்குப் போட்டுச் சரியான படத்தைக் கொடுக்கிறது. 42 நிமிடக் கணக்கு சில விநாடிக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது.

நேரம் தெரியாதபோது

எங்களுக்கு நேரம் தெரியாது. அத்தைக்கு ஆரத்தி நினைவிருந்தது, ஆனால் வீடியோவில் எங்கே என்று தெரியாது. 2 மணி 40 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதிலாக, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் செய்ததைச் செய்தேன். ஒரு பிலிம் சுருளில் உள்ள எல்லாப் படத்தையும் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டு, எது வேண்டுமென்று வாடிக்கையாளரிடம் கேட்பார்கள். காண்டாக்ட் ஷீட் என்று பெயர். கட்டளை இது:

எஃப்எஃப்எம்பெக் -ஐ கல்யாணம்.எம்பி4 -விஎஃப் எஃப்பிஎஸ்=1/10,ஸ்கேல்=320:240,டைல்=6எக்ஸ்5 தாள்%02டி.ஜேபிஜி

பத்து விநாடிக்கு ஒரு படம் எடு, சிறிதாக்கு, வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை அடுக்கு, தாள்களுக்கு எண் போடு. அவ்வளவுதான். எங்கள் கேசட் முழுவதும் 32 தாளில் அடங்கியது.

ஆறு, ஐந்து என்று நான் வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு வரிசை ஒரு நிமிடம், ஒரு தாள் ஐந்து நிமிடம். படம் இருக்கும் இடமே நேரத்தைச் சொல்லிவிடும். ஆரத்தி தெரிந்தது ஒன்பதாவது தாளில், மூன்றாவது வரிசையில், மூன்றாவது கட்டத்தில். முதல் எட்டுத் தாள் 40 நிமிடம், மேலே இரண்டு வரிசை 2 நிமிடம், அதன் பிறகு 20 விநாடி. ஆக 42 நிமிடம் 20 விநாடி, ஐந்து விநாடி முன்பின் இருக்கலாம்.

கோப்பு பெரிதாக இருந்து கணினி பழையதாக இருந்தால், 'ஐ'க்கு முன்னால் '-ஸ்கிப்_ஃபிரேம் நோகீ' என்று சேருங்கள். நடுவில் உள்ள மாற்றக் கணக்கைத் தொடாமல் முழுப் படங்களை மட்டும் எடுக்கும். பல மடங்கு வேகமாக முடியும். நேரம் இன்னும் சில விநாடி தள்ளிப் போகும், தேடுவதற்கு அது தடையில்லை.

அந்த இடத்துக்கு விஎல்சியில் போய், 'ஈ' எழுத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொரு படமாக நகரும். தாத்தா தெரிவது 42:16க்கும் 42:18க்கும் நடுவில் என்று பிடித்துவிட்டேன்.

இரண்டு விநாடியில் ஐம்பது முகம்

இப்போது ஒரு படம் கேட்காமல் அந்த இரண்டு விநாடி முழுவதையும் கேட்டேன்:

எஃப்எஃப்எம்பெக் -எஸ்எஸ் 00:42:16 -டி 2 -ஐ கல்யாணம்.எம்பி4 -விஎஃப் யாடிஃப்,ஸ்கேல்=768:576 தாத்தா%03டி.பிஎன்ஜி

'டி 2' என்பது இரண்டு விநாடி. ஐம்பது படங்கள் எண் போட்டு வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மெகாபைட்.

நடுவில் உள்ள 'யாடிஃப்' தம்பியைத் தோற்கடித்த சீப்புப் பல்லைச் சரிசெய்வது. பழைய வீடியோ ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது. ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை ஐம்பதில் ஒரு விநாடி கழித்தும் எடுக்கும். தொலைக்காட்சியில் ஓடும்போது தெரியாது. நிறுத்தினால், நடுவில் அசைந்த கையும் முகமும் இரண்டாகப் பிரிந்து தெரியும். யாடிஃப் அந்த இரு பாதியையும் சமன்செய்கிறது.

'ஸ்கேல்' முகத்தின் அகலத்துக்கு. பால் முறைக் கோப்பு 720க்கு 576 புள்ளிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. அப்படியே படமாக்கினால் எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். 768க்கு விரித்தால் சரியான முகம் வரும். உங்கள் கோப்பின் அளவு 720க்கு 576 ஆக இருந்தால் மட்டும் இதைச் சேருங்கள்.

ஐம்பதில் முப்பதுக்கு மேல் தாத்தா கண்ணை மூடியிருந்தார், அல்லது ஆரத்தித் தட்டு முகத்தை மறைத்தது. சிலவற்றில் பாதி திரும்பியிருந்தார். முப்பத்தெட்டாவது படத்தில் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்று, வாயைத் திறந்து, பல் தெரியச் சிரிக்கிறார். அடுத்த படத்திலேயே அந்தச் சிரிப்பு பாதியாகிவிடுகிறது. 25இல் ஒரு விநாடிச் சிரிப்பு.

பெயர்ப் பலகை

தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மணமக்கள் கார் வருவதற்குக் காத்திருந்த வீடியோக்காரர் கேமராவைத் தாங்கியில் வைத்து, கடை முகப்பைச் சில விநாடி அசையாமல் பிடித்திருக்கிறார். மேலே தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதிய எங்கள் பெயர்ப் பலகை. எங்கள் குடும்பத்தில் யாரிடமும் அதன் படம் இல்லை.

தனிப்படமாக எடுத்தால் எழுத்தெல்லாம் மணல் தூவியது போல இருந்தது. பழைய கேசட்டில் இப்படிப் புள்ளி பறப்பது இயல்பு. ஆனால் அந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும். பலகை மாறாது. பத்துப் படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால், மாறுவது மங்கி, மாறாதது நிற்கும். அதற்கு 'யாடிஃப்'க்குப் பின் காற்புள்ளி இட்டு 'டிமிக்ஸ்=ஃபிரேம்ஸ்=10' என்று சேர்த்தேன். வரும் வரிசையில் கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டேன். எழுத்து வாசிக்கும்படி வந்தது. கேமரா அசையாத இடத்தில் மட்டுமே இது செல்லும். முகத்துக்குச் செய்தால் ஆவி போல ஆகிவிடும்.

வேகம் எதற்கு?

வீட்டில் எல்லாரும் கேட்டது, சிரித்த படம் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று. 32 தாளையும் அச்சிட்டு மேசையில் பரப்பியபோது அதற்குப் பதில் தெரிந்தது.

அத்தை தாத்தாவைப் பார்த்த பிறகு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கினார். தேநீர்த் தட்டோடு கடந்து போகிறவர் எதிர் ஒட்டுக்கடைக்காரர். பெச்சாவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பவர் தினமும் மதியம் தாத்தாவிடம் நாளிதழ் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர். பக்கத்துக் கடைச் சீன அம்மா தன் கதவுக்குள் பாதி நின்றபடி ஆரத்தியைப் பார்க்கிறார். அந்த அம்மா சிறுவயதில் அத்தைக்குத் தலை பின்னிவிட்டவர். இவர்களில் ஒருவர்கூட ஆல்பத்தில் இல்லை. வீடியோக்காரர் இவர்களைப் பிடிக்க நினைக்கவும் இல்லை.

ஒரு படம் எடுக்கப் பத்து நிமிடம் ஆகும் என்றால் மணமக்களையும் தாத்தாவையும் எடுத்துவிட்டுக் கணினியை மூடிவிடுவோம். முந்நூறு படம் எடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும் என்றால் ஓரத்தில் நிற்பவர்களையும் பார்க்க நேரம் கிடைக்கும். ஒரு தெருவின் வரலாற்றில் கட்டடம் யார் பேரில் இருந்தது என்பதை ஆவணங்கள் சொல்லும். அதன் வாசலில் யார் நின்றார்கள் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கல்யாணக் கேசட்டுகளில்தான் இருக்கிறது.

தள்ளிப் போடாதீர்கள்

காந்த நாடா என்றைக்கும் நிலைக்காது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. 2025க்குள் கணினிக்கு மாற்றாத நாடாக்கள் பெருமளவு கைநழுவும் என்றது. நாடா கெட்டுப்போவது ஒருபுறம், ஓட்டிப் பார்க்கும் கருவி கிடைக்காதது இன்னொருபுறம். விசிஆர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அலமாரியில் கேசட் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். மாற்றிக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். சுருக்காமல் பெரிய கோப்பாகவே தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேசட் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இன்றைய கைப்பேசியில் 4கே காணொளி எடுத்தால் ஒவ்வொரு படமும் 3,840க்கு 2,160 புள்ளி. சுமார் 80 லட்சம் புள்ளி. குழந்தை முதல் அடி வைத்ததைக் காணொளியாக மட்டும் எடுத்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். அதற்குள்ளேயே சட்டம் போட்டு மாட்டும் அளவுக்குப் படம் இருக்கிறது. மேலே சொன்ன அதே வரியில், யாடிஃபும் ஸ்கேலும் இல்லாமல் எடுக்கலாம்.

கேசட் படத்துக்கு எல்லை உண்டு. 4க்கு 6 அங்குலத்தில் நன்றாக இருக்கும். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் தாங்காது. அப்போது ஏஐ செயலியில் கொடுத்துத் தெளிவாக்கலாமே என்று தம்பி சொன்னான். செய்தும் காட்டினான். முகம் பளபளவென்று வந்தது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அப்பா இல்லையே" என்றார். இல்லாத புள்ளிகளை அந்தச் செயலி ஊகித்து நிரப்புகிறது. யாரோ ஒருவரின் பல்லும் கண்ணும் வந்து உட்கார்ந்துவிடும். விருப்பமிருந்தால் செய்து பாருங்கள். மூலப் படத்தை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

பிறர் முகம் இருக்கும் படங்களை ஃபேஸ்புக்கில் போடும் முன் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் சீன அம்மாவின் படத்தை அவர் மகனுக்கு அனுப்பினோம். அவர்களிடமும் அந்தக் கடை வாசலின் படம் ஒன்றுகூட இல்லையாம்.

கடைசியாக ஒன்று. கருவி படத்துக்கு எண்தான் போடும், பெயர் போடத் தெரியாது. ஓரத்தில் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். தாள்களை அச்சிட்டு அவர்கள் முன்னால் வையுங்கள். அவர்கள் சொல்வதை அந்தப் படத்தின் பின்புறத்திலேயே பேனாவால் எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது பெயர், அடுத்து தெரு, அடுத்து ஆண்டு.